பொன்மலர் டாக்கீஸின் இருட்டு

பொன்மலர் டாக்கீஸில் முதன்முதலாக ஒரு டிக்கெட்கூட விற்காத மதியக் காட்சியன்று, உள்ளே இருந்த இருட்டு எழுந்து வெளியே வந்து, தன் ஆட்களைத் தேடிக்கொண்டு ஊருக்குள் போயிற்று.

அது சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. கடம்பாடிக்குப் பக்கத்து மலையில் டி.வி.க்கு உயரமான கோபுரம் ஒன்றை அரசாங்கம் நிறுத்தியதிலிருந்து ஊரின் மொட்டைமாடிகளிலும் ஓட்டுக்கூரைகளிலும் அலுமினியக் குச்சிகள் முளைத்துக்கொண்டே இருந்தன. ஒரு குச்சி முளைத்தால் தியேட்டரில் ஒரு வரிசை காலியானது. முதலில் பால்கனி, பிறகு நாற்காலி, கடைசியாகப் பீடி வாசனையும் விசிலுமாக எப்போதும் நிறைந்து கிடக்கும் தரை டிக்கெட். புருஷன் மாரடைப்பில் போன பிறகு தியேட்டரை நடத்தி வந்த செல்வக்கனி, அன்று மதியம் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் தானே உட்கார்ந்திருந்தாள். ஒரு தலையாவது வந்தால் போதும், படத்தை ஓட்டிவிடலாம் என்று மேலே அறையிலிருந்து ஆபரேட்டர் சங்கரபாண்டி ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரும் வரவில்லை. ஊரே இரும்புக்கடை ஞானதிரவியம் வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சோடாக்கடைக்காரர் சொன்னார்.

சங்கரபாண்டி கீழே இறங்கி வந்து, காற்றாவது வரட்டும் என்று கதவுகளை எல்லாம் திறந்து போட்டான்.

திறந்த கதவு வழியாக வெயில் உள்ளே போகவில்லை. உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது. நனைந்த கம்பளியை யாரோ இழுத்துப் போவதுபோல் முழங்கால் உயரத்துக்கு அது படிகளில் இறங்கி, செல்வக்கனியின் பாதங்களைக் கடந்தது. கடந்தபோது பாதங்கள் சில்லிட்டன. வறுகடலைத் தோலும் வியர்வையும் மூட்டைப்பூச்சி மருந்தும் கலந்த வாடை அடித்தது. அது சோடாக்கடையைத் தாண்டி, பஜாரில் ஓரமாக, யாரையும் இடிக்காமல், விலாசம் தெரிந்த ஆளைப்போல நேராகப் போய்த் தேவாலயத் தெருவில் திரும்பியது. செல்வக்கனி கத்தவில்லை. ஓடிப்போன மாட்டைப் பார்ப்பதுபோல் அது போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். 

ஞானதிரவியம் வீட்டுக் கூடத்தில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. ஜன்னல்கள் மங்கியபோது மேகம் என்று நினைத்தார்கள். டியூப் லைட் எரிந்தது, ஆனால் அதன் வெளிச்சம் அதைவிட்டு நகரவில்லை. டி.வி. பெட்டி மட்டும் தெரிந்தது, அதற்குள் வெள்ளை உடுப்பு ஆட்கள் ஓடினார்கள், அதைச் சுற்றி வீடு என்று எதுவும் இல்லை. முதலில் சிரித்தார்கள். பக்கத்தில் இருப்பவன் தோளைத் தேடிய கைகள் வெறும் காற்றைத் தொட்டதும் சிரிப்பு நின்றது.

ஞானதிரவியத்தின் மனைவி ரெஜினா அப்போதுதான் காப்பி போட அடுப்படிக்கு எழுந்து போயிருந்தாள். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்த அடுப்படி அவளுக்கு அகப்படவில்லை. ஏங்க, சுவர் எங்க இருக்கு என்று கேட்டாள். அவர் இங்கேதான், நேரா வா என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடி கேட்டபோது குரல் கொல்லைப்புறத்திலிருந்து வந்தது. அதற்கடுத்து, ஊருக்கு வெளியே உப்பளத்துக்கு அப்பாலிருந்து கூப்பிடுவதுபோல் வந்தது. அவர் கைகளை நீட்டிக்கொண்டு எழுந்து நடந்தார், நடந்துகொண்டே இருந்தார், மூன்றே அறைகள் உள்ள அவருடைய சொந்த வீட்டில் ஒரு சுவரும் அவர் கையில் தட்டவில்லை. மதியக் காட்சி முடிகிற நேரத்தில் இருட்டு வந்த வழியே திரும்பியது. எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ரெஜினாவை மட்டும் காணவில்லை.

அவளைத் தியேட்டரில் கண்டெடுத்தார்கள். பெண்கள் பகுதிப் பெஞ்சில், கையில் வெறும் காப்பி டம்ளரோடு, வெற்றுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டம்ளரும் உள்ளங்கைகளும் கிணற்றடிக் கல்லைப்போல் குளிர்ந்திருந்தன. எப்படி வந்தாய் என்று கேட்டதற்கு அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. செல்வக்கனி அவள் கைகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, உள்ளே என்ன பார்த்தாய் என்று மெல்லக் கேட்டாள்.

"படம் ஓடுச்சு மதினி," என்றாள் ரெஜினா. "நடிச்சவங்கள எல்லாம் எனக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஒருத்தர் பேரும் ஞாபகம் வரல."

அன்றிலிருந்து, ஆள் வராமல் காட்சி ரத்தான போதெல்லாம் இருட்டு கிளம்பி டி.வி. இருக்கிற வீடுகளுக்குப் போயிற்று. கதவைப் பூட்டினால் கதவுக்கடியில் போயிற்று. மின்சார வாரியத்திலிருந்து ஓர் ஆள் வந்து மீட்டரைத் திறந்து பார்த்து, லைனில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லி அவசரமாகச் சைக்கிளில் ஏறினார். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், காளி கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்தார்; இருட்டு இரண்டையும் மரியாதையோடு சுற்றிக்கொண்டு போயிற்று. அதற்காக யாரும் டி.வி.யைத் தூக்கி எறியவில்லை. அப்படி ஒரு யோசனை யாருக்கும் வந்ததாகவே தெரியவில்லை. பெண்கள் பழைய புடவைகளைக் கிழித்து முறுக்கி, கூடத்திலிருந்து அடுப்படிக்கும் அடுப்படியிலிருந்து கிணற்றடிக்கும் கயிறு கட்டினார்கள். நடக்கப் பழகும் பிள்ளைகளுக்குக் காலில் மணி கட்டினார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், வீட்டில் டி.வி. உண்டா என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, அது வருதா என்றும் கேட்டார்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் கௌரவமான இடம் என்று அர்த்தம்.

ஆனாலும் ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் கயிற்றை விட்டுவிட்டுக் காணாமல் போனார். வீட்டார் தியேட்டருக்கு ஓடினார்கள். செல்வக்கனி சாவியோடு காத்திருந்து, கதவைத் திறந்து, உட்கார்ந்திருப்பவரை எழுப்பிக் கொடுத்தாள். அழைத்துப் போனவர்கள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் ஏவிவிட்டதாகப் பஜாரில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. தன் வீட்டு முற்றத்தைத் தாண்டி அது போகும்போது தானும் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு நடுங்குவதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்.

படம் ஓடாத தியேட்டரில் ஆபரேட்டருக்கு வேலை இல்லை. சங்கரபாண்டி தலையைக் குனிந்துகொண்டு முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு, பஜாரில் ஒரு சின்னக் கடை பிடித்து டி.வி. ரிப்பேரும் ஆண்டெனா கட்டும் வேலையும் ஆரம்பித்தான். செல்வக்கனி குறை சொல்லவில்லை, பிழைக்க வேண்டுமே. அவன் மனைவி மாரிக்கண்ணு தினமும் மதியம் தூக்குவாளியில் சோறு கொண்டுபோய்க் கொடுப்பாள். கல்யாணமாகி வெகுநாள் ஆகியும் பிள்ளையில்லாத இருவரும் கடைக்குள் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

ஆடி மாதத்தில் ஒரு மதியம் அவள் தெருமுனையில் வரும்போதே கடை வாசலில் அது நிற்பதைப் பார்த்தாள். மற்ற வீடுகளுக்குள் முழங்கால் உயரத்தில் நுழைவது, அங்கே ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தது. உள்ளே ரிப்பேருக்கு வந்த பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன, அவற்றுக்கு நடுவே அவள் புருஷன் கையில் ஸ்குரூ டிரைவரோடு இருந்தான்.

"நீ உள்ள வராத, அங்கயே நில்லு," என்றான். "இத்தன நாளும் இது என்னயத்தான் தேடியிருக்கு."

அவள் தூக்குவாளியைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள். கடை அவளுக்குத் தட்டுப்பட்டது, பெஞ்சு தட்டுப்பட்டது, சூடான பெட்டிகள் தட்டுப்பட்டன, அவன் தட்டுப்படவில்லை.

தியேட்டரில் பெஞ்சிலும் நாற்காலியிலும் பால்கனியிலும் தேடினார்கள். அங்கேயும் இல்லை. அப்போது மேலே, ஆபரேட்டர் அறையில், ரீல் சுற்றும் சத்தம் கேட்டது. தியேட்டருக்குப் படச்சுருள் பெட்டி வந்தே பல வாரம் ஆகியிருந்தது. ஓட்டை வழியாக ஒளி பாய்ந்து திரையில் விழ, ஏதோ ஒரு படம் ஓடத் தொடங்கியது. அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. செல்வக்கனி கதவைத் தட்டி, சங்கரபாண்டி, சங்கரபாண்டி என்று கூப்பிட்டாள். உள்ளே ரீலை மாற்றுகிற சத்தம்தான் வந்தது. கதவை உடைக்கக் கூப்பிட்ட ஆசாரி, படியில் பாதி ஏறியவர், உளியை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போனார். மாரிக்கண்ணு மட்டும் அந்தக் கதவடியில் உட்கார்ந்து, மறுநாளும் அதற்கடுத்த நாளும் சோறு கொண்டுவந்து வைத்தாள். தூக்குவாளி காலியாகத் திரும்பியது. பூனையாக இருக்கும் என்றார்கள். கழுவித் துடைத்து வைக்கிற பூனை எந்த ஊரில் இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

அவன் உள்ளே போனதிலிருந்து ஒன்று விளங்கியது. அவனைத் தேடி வந்தவர்கள் கீழே உட்கார்ந்திருந்த நேரங்களில் இருட்டு வெளியே வரவில்லை. அதனால் ஊர் கூடி முறை வைத்தது. மதியத்துக்கு ஒரு தெரு, சாயங்காலத்துக்கு ஒரு தெரு. தேவாலயத் தெரு போன மறுநாள் கீழரத வீதி, அதற்கடுத்து மேட்டுத் தெரு. பொன்மலர் டாக்கீஸ் அதுவரை காணாத கூட்டத்தைக் கண்டது. யாரும் விசிலடிக்கவில்லை, யாரும் முறுக்கு வாங்கவில்லை. தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆண்கள் நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் ஓடுகிற படத்தில் யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள், வெளியே வந்த பிறகு அது யார் என்று எவருக்கும் நினைவில்லை. செல்வக்கனி டிக்கெட் கிழிக்கவில்லை. வாசலில் நின்று உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

இப்படியே இருந்திருந்தால் ஊர் இதற்கும் பழகியிருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் டி.வி.யில் சினிமா போட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முறை வந்த தெருக்காரர்கள் காய்ச்சல் என்றார்கள், துக்க வீடு என்றார்கள், வேறு தெருவோடு மாற்றிக்கொள்ளப் பார்த்தார்கள். கடைசியில் ஞானதிரவியம் தெருப் பெரிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டு செல்வக்கனியின் வீட்டுக்கு வந்தார். தியேட்டரின் கூரையைப் பிரித்துவிடுவது என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். இடத்தைக் கல்யாண மண்டபமாகக் கட்டிக்கொள்ளட்டும், ஊரே கைகொடுக்கும் என்றார்.

"கூரையப் பிரிச்சா அது எங்க போகும் அண்ணாச்சி?" என்று கேட்டாள் செல்வக்கனி.

"பட்டப்பகல்ல பிரிப்போம். வெயில்ல எந்த இருட்டு நிக்கும்?"

செல்வக்கனி ஒருநாள் அவகாசம் கேட்டு, மாரிக்கண்ணுவின் வீட்டுக்குப் போனாள். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். மாரிக்கண்ணு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள், முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"நான் சரின்னு சொன்னாலும் சொல்லாட்டாலும் பிரிக்கத்தானக்கா போறீங்க," என்றாள்.

 செல்வக்கனிக்கும் அந்தத் தியேட்டர் போய்த் தொலைந்தால் போதும் என்றுதான் இருந்தது. அந்த எண்ணம் தன் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்து வாசல் பக்கம் பார்த்தாள். மறுநாள் ஞானதிரவியத்துக்குச் சரி என்று ஆள் அனுப்பினாள்.

புரட்டாசி வெயில் உச்சியில் நிற்கும்போது கூரை பிரித்தார்கள். ஊரில் பாதிப்பேர் வாசலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள், மீதிப்பேர் தூரத்தில் மர நிழலில் நின்றார்கள். முதல் தகடு கழன்றதும் வெயில் ஒரு பாயைப்போல் உள்ளே விழுந்தது. அடுத்த தகடு, அடுத்த தகடு. ஒன்றும் வெளியே வரவில்லை. பெஞ்சுகளும் கிழிந்த நாற்காலிகளும் பல்லி எச்சம் படிந்த திரையும் கூசிக்கொண்டு வெயிலில் நின்றன. ஆபரேட்டர் அறைக் கதவைப் பெயர்த்தார்கள். சுவரில் ஒரு சட்டை தொங்கியது. மெஷினைத் தொட்டால் சுட்டது. ஆள் இல்லை. மாரிக்கண்ணு அந்தச் சட்டையை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

இத்தோடு போயிற்று என்று ஊர் மூச்சு விட்டது. அன்று சாயங்காலம் எல்லா வீட்டிலும் கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டினார்கள். பிள்ளைகளின் கால் மணிகளைக் கழற்றினார்கள்.

ரெஜினாதான் முதலில் கண்டவள். செய்தி முடிந்ததும் டி.வி.யை நிறுத்திவிட்டு, கறுத்துப்போன கண்ணாடியில் எதேச்சையாகப் பார்த்தாள். அதில் அவளும் ஞானதிரவியமும் சோபாவில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால், மாதக் காலண்டர் தொங்கும் சுவர் இருக்க வேண்டிய இடத்தில், வரிசை வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரைப் பக்கம் நின்று பார்த்தால் தியேட்டரில் எப்படித் தெரிவார்களோ அப்படி, முகம் தெரியாமல், தோளும் தலையுமாக, கடைசி வரிசை கண்ணுக்கு எட்டாத தூரத்தில். திரும்பிப் பார்த்தாள். சுவரும் காலண்டரும் இருந்தன. மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி டி.வி.யைப் போட்டாள்.

கூரையை இழந்த இருட்டு எங்கே போய் ஒளிந்தது என்பது அந்த வாரத்துக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு கடம்பாடியில் யாரும் டி.வி.யை நிறுத்துவதில்லை. நிகழ்ச்சி முடிந்து வெள்ளைப் புள்ளிகள் இரைகிறபோதும் ஓடியது, வீட்டில் யாரும் இல்லாதபோதும் ஓடியது, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் இழவு வீட்டிலும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியது. மின்சாரம் போனால் தாய்மார் ஓடிப்போய்க் கண்ணாடிமேல் போர்வையைப் போட்டார்கள், பெரியவர்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து, இந்த ஊர்க்காரர்களுக்கு டி.வி. பைத்தியம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்களோடு சேர்ந்து ஊராரும் சிரித்தார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் டி.வி. நிற்கிறது என்று செல்வக்கனி கேள்விப்பட்டாள். ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்கிப் போகாத பெட்டி ஒன்றைக் கடையிலிருந்து மாரிக்கண்ணு தன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். கேள்விப்பட்டும் பல நாள் போகத் துணிவில்லாமல் இருந்துவிட்டு, கார்த்திகையில் ஒரு சாயங்காலம் செல்வக்கனி அங்கே போனாள். மாரிக்கண்ணு பாய் விரித்து உட்காரச் சொன்னாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

உன் வீட்டுக்காரர் அதில் தெரிகிறாரா என்று செல்வக்கனி கேட்டாள். அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

"முகம் தெரியாதுக்கா. ஆனா எல்லாரும் உக்காந்திருப்பாங்க, ஒருத்தர் மட்டும் நிப்பாரு. மொதல்ல கடைசி வரிசையில நின்னாரு. தெனமும் ஒரு வரிசை முன்னால வாராரு." மாரிக்கண்ணு புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். "நேத்து அவர் பின்னாலயே மத்தவங்களும் எந்திரிச்சுட்டாங்க."

செல்வக்கனிக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. 

"பயமா இருந்தா என் கையப் பிடிச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு மாரிக்கண்ணு பொத்தானைத் திருகினாள். படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. கறுத்த கண்ணாடியில் பாயும் அதன்மேல் கைகோத்த இரண்டு பெண்களும் தெரிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசை வரிசையாக நாற்காலிகள் தெரிந்தன. ஒன்றில்கூட ஆள் இல்லை.

செல்வக்கனி திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வாசற்படியில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அதையடுத்து இன்னொரு ஜோடி. பிறகு இன்னொன்று, இன்னொன்று. தெருவரைக்கும் நின்று முறைக்குக் காத்திருப்பதுபோல் அந்தச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

"உள்ள வாங்க, கை கழுவிட்டு உக்காருங்க," என்றாள் மாரிக்கண்ணு, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு செல்வக்கனியின் பக்கம் சாய்ந்து, வீட்டுக்காரி விருந்தாளி காதில் படாமல் பேசுகிற குரலில், அரிசி பத்தாது, உலையில் இன்னும் கொஞ்சம் போட வேண்டும், கையை விடுங்கள் என்றாள்.

செல்வக்கனியால் விட முடியவில்லை.